லண்டனில் எலிச்செவி இரண்டு பலம்

லண்டனில் கால் வைத்த அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு கட்டளை வந்துவிட்டது. “அப்பாவைப் பார்க்க மூணு மணிக்கு மேலதான் போகணும் அத்தை. காலையில போகக் கூடாது” என்றான் செந்தில். செந்தில் என் அண்ணன் மகன். கார் விமான நிலையத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. ஏண்டா என்றேன். “காலையில அவர் ஒரு மாதிரி இருப்பார்” என்றான். ரேடியோவைத் திருகினான். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெய்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு மழை பெய்துகொண்டிருந்தது.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை. மதுரைக் கீழமாசி வீதியில் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. அப்பா வைத்தது. அவருக்குப் பிறகு அண்ணனும் நானும் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் இப்போது ஓய்ந்துவிட்டார்கள். அண்ணி போன பிறகு அண்ணனுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் தேதி, அப்புறம் ஆட்கள். செந்தில் வந்து லண்டனுக்குக் கூட்டிப் போனான். இங்கே இரண்டு முறை வீட்டை விட்டு இறங்கி நடந்துவிட்டார், போலீஸ்காரர்கள்தான் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். இப்போது அந்த இல்லம், இனிமேல் எங்களால் முடியாது என்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு கூட்டம். “நீங்க ஒரு வார்த்தை பேசினா நல்லா இருக்கும் அத்தை” என்று போனில் சொன்னான். கடைக்கு ஒரு வாரம் பூட்டுப் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீடு செவன் கிங்ஸ் என்ற பகுதியில். செந்திலின் மனைவி சுபாஷினி யாழ்ப்பாணத்துப் பெண். என்னை மாமி என்கிறாள். இடியப்பமும் சொதியும் வைத்திருந்தாள். பசியில் ஒன்பது இடியப்பம் தின்றேன். பிறகு மூன்று மணிக்கு இல்லத்துக்குப் போனோம்.

நல்ல சுத்தமான இடம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சட்டையில் ஒரு பித்தான் மாற்றிப் போட்டிருந்தது. கடையில் எட்டு முழ வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டுகிற மனுஷன். “அண்ணே, சரசு வந்திருக்கேன்” என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார். “உட்காருங்கம்மா. கொஞ்ச நேரம் ஆகும்” என்றார், வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மரியாதையோடு. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அந்த ‘ங்க’ என்னைக் கொன்றே விட்டது. அறுபத்தொரு வயசில் என் அண்ணன் வாயால் முதல் முறையாக ‘வாங்க போங்க’ கேட்கிறேன்.

திரும்பி வரும்போதுதான் செந்தில் விஷயத்தை உடைத்தான். அண்ணன் தினமும் காலை பதினொரு மணிக்குக் கத்த ஆரம்பிக்கிறாராம். மேஜையைத் தட்டுவாராம். “மிருகமெல்லாம் தெரியுதாம் அத்தை. பேய் வேற. பக்கத்து ரூம்ல இருக்கிறவங்க பயப்படுறாங்க.” மாத்திரை கொடுத்தால்தான் அடங்குகிறார். கடற்கரைப் பக்கம், ரயிலில் இரண்டரை மணி தூரத்தில், கதவைப் பூட்டி வைக்கிற வேறொரு இல்லம் இருக்கிறது. அங்கே மாற்றி இன்னும் பலமான மாத்திரையில் வைக்கலாம் என்பது அவர்கள் யோசனை. “அங்கே போனா மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே பெரிசு” என்றான். நீ என்ன சொன்னே என்று கேட்டேன். “நான் என்னத்தைச் சொல்ல” என்றான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் இருவரும் கிளம்பிவிட்டார்கள். “மாமி, நான் ஷிப்டுக்குப் போறன். பின்னேரம் வாறன். பாண் மேசையில இருக்கு” என்று சுபாஷினி சொன்ன பிறகு அந்த வீட்டில் மனிதக் குரலே இல்லை. ஃபிரிட்ஜ் மட்டும் அவ்வப்போது முனகியது. பாண் என்றால் அவர்கள் பேச்சில் ரொட்டி. சுட்டுத் தின்றேன். சப்பென்று இருந்தது. கையில் கொண்டுபோன எள்ளுப்பொடியைத் தடவிக்கொண்ட பிறகு கொஞ்சம் இறங்கியது.

தெருவில் இறங்கி நடந்தேன். ஐப்பசி மாதம். அவர்களுக்கு ஏதோ பேய்ப் பண்டிகை வருகிறதாம். வீட்டுக்கு வீடு வாசலில் பூசணிக்காய் வைத்திருந்தார்கள். கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி, உள்ளே விளக்கு வைக்க இடம் விட்டு. நாம் திருஷ்டிக்கு நடுரோட்டில் போட்டு உடைக்கிறோம், இவர்கள் உட்கார வைத்து அலங்காரம் செய்கிறார்கள். எது எப்படியோ, இரண்டு ஊரிலும் பூசணிக்காய்க்கு நல்ல கதி இல்லை. இதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. ஒரு கிழவர் நாயோடு வந்தார். “குட் மார்னிங்” என்றார். நான் பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் கடந்து போய்விட்டார்.

தனியாக நடக்கும்போது வேண்டாததெல்லாம் நினைவுக்கு வரும். எனக்கு வந்தது சேராங்கொட்டை. எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும், வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டை அண்ணன் மேஜையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். நான் இழுப்பறை வைத்த அறைப்பெட்டிகளுக்கு முன்னால் நின்று, அந்தச் சரக்கை எடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு, “போட்டாச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அடுத்த சரக்கை வாசிப்பார். கூட்டத்தில் ஒன்று விட்டுப்போகக் கூடாது, ஒன்று இரண்டு தரம் விழக் கூடாது என்பதற்காக அப்பா வைத்த ஏற்பாடு. நான் பதில் சொல்லத் தாமதித்தால் அதையே மறுபடி வாசிப்பார். இன்னும் தாமதித்தால் மேஜையைத் தட்டுவார். கோபக்காரர்தான். நானும் சளைத்தவள் இல்லை, வேண்டுமென்றே இரண்டு நிமிஷம் காக்க வைப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், “சேராங்கொட்டை, ரெண்டு பலம்” என்று வாசித்தார். சேராங்கொட்டை நஞ்சு. சுத்தி செய்து, கடுகளவு சேர்க்கிற சரக்கு. ரெண்டு பலம் என்றால் எழுபது கிராம். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் அப்படி இல்லவே இல்லை. ஆள் செத்திருக்கும். கடை நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் கையிலிருந்த மற்றச் சீட்டுகளையும் பிடுங்கி, “நீ எந்திரிண்ணே, இனிமே நானே வாசிச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அதற்குப் பிறகு கடைக்குள் அவர் இறங்கவே இல்லை. ஆறு மாதத்தில் செந்தில் வந்து கூட்டிப் போனான். நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஜனத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டாம்.

மூன்று மணிக்கு இல்லத்துக்குப் போனேன். மாத்திரை கொடுத்திருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் டூட்டிங் போனேன். அங்கே நம் சாமான் எல்லாம் கிடைக்கும் என்று சுபாஷினி சொல்லியிருந்தாள். கிடைத்தது. சுக்கு, திப்பிலி, அதிமதுரம் எல்லாம் பிளாஸ்டிக் பொட்டலத்தில், காலாவதித் தேதியோடு தொங்கின. ஒரு திப்பிலிப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். மணமே இல்லை. கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் திருட வரவில்லை தாயே, தொழில் புத்தி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். இரண்டு பேர் தின்கிற அளவு. முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, “அம்மா இந்தியாவோ? தனியவோ வந்தனீங்கள்?” என்றார்.

“ஆமா” என்றேன்.

“ஓம் எண்டு சொல்லிப் பழகுங்கோ. இந்த ரோட்டில எங்கட இலங்கை ஆக்கள்தான் கூட” என்று சிரித்தார். நானும் “ஓம்” என்றேன். முழு நாளில் ஒரு மனிதரோடு நான் பேசியது அவ்வளவுதான். மீதி ரொட்டியைப் பொட்டலம் கட்டித் தந்தார். பக்கத்தில் இருந்த விம்பிள்டன் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையார் முன்னால் நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஞாபகத்தைத் திருப்பிக் கொடு என்றால் அது நடக்காது என்று மருந்துக் கடைக்காரிக்குத் தெரியாதா? அந்தக் கடற்கரை ஊருக்கு மட்டும் அனுப்பாதே அப்பா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை சுபாஷினி ஒரு யோசனை சொன்னாள். “பஸ்ஸில ஏறி மேல்தட்டில முன்னுக்கு இருங்கோ மாமி. சும்மா இருந்துகொண்டே லண்டன் பாக்கலாம்.” அப்படியே செய்தேன். நன்றாகத்தான் இருந்தது. மரங்களின் தலை தெரிந்தது, மாடி ஜன்னல்களில் காயும் துணி தெரிந்தது. ஓரிடத்தில் பஸ் நின்றது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முக்காடு போட்ட ஒரு பெண் படியேறி வந்தாள். அவள்தான் ஓட்டுநர். “அம்மா, முன்னால ரோட்டை வெட்டிப் போட்டிருக்காங்க. இந்த வண்டி இதோட சரி. எல்லாரும் எறங்கிட்டாங்க, நீங்க மட்டும்தான்” என்று ஆங்கிலத்தில், கையைக் காலை ஆட்டி விளக்கினாள். இறங்கினேன். எந்த இடம் என்று தெரியவில்லை. குளிர் காதைக் கடித்தது.

எதிரே ஒரு செங்கல் சுவர். அதில் சின்னக் கதவு. உள்ளே மூலிகைத் தோட்டம், இன்று திறந்திருக்கும் என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. மூலிகை என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு எனக்குக் கால் நிற்குமா? நுழைந்தேன்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரர், எழுபது வயசிருக்கும், நகக்கண்ணெல்லாம் மண். தலையில் சூனியக்காரித் தொப்பி, ஊதா நிறத்தில் கூம்பாக. அவர் முன்னால் ஒரு மேஜை, மேஜையில் பெரிய இரும்புச் சட்டி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டுகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவதாக இருந்ததாம், மழையால் வரவில்லையாம். ஆள் இல்லாத கடையில் உட்கார்ந்திருக்கிறவர் முகம் எனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

தட்டுகளில் சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீர்ப்பல்லியின் கண். தவளையின் கால்விரல். வௌவாலின் ரோமம். நாயின் நாக்கு. விரியன் பாம்பின் நாக்கு. சூனியக்காரிகள் சட்டியில் போட்டுக் காய்ச்சுகிற சாமான்களாம். கர்மம் என்று நினைத்துக்கொண்டே முதல் தட்டில் எட்டிப் பார்த்தேன். கடுகு! நாம் தாளிக்கிற கடுகு. லண்டன் வந்து முதல் முறையாக வாய் விட்டுச் சிரித்தேன்.

அவருக்கு ஏக சந்தோஷம். ஒவ்வொன்றாகக் காட்டினார். தவளை விரல் என்பது மஞ்சள் பூப் பூக்கிற ஒரு புல்வெளிச் செடி. வௌவால் ரோமம், ஓரமெல்லாம் முள்ளாக நிற்கிற ஓர் இலை. நாய் நாக்கு, நீளமான சொரசொரப்பு இலை. பாம்பு நாக்கு, ஒற்றைத் தண்டு நீட்டுகிற சின்னப் பெரணி. “இதெல்லாம் பச்சிலை விற்ற பொம்பளைங்க வச்ச பேரு. சூனியக்காரின்னது ஊர்க்காரங்க” என்றார். ஏன் அப்படிப் பெயர்? இலை பார்க்க அப்படி இருப்பதால் சிலது. தொழில் ரகசியம் வெளியே போகாமல் இருக்கச் சிலது. “ஆனா எல்லாமே நிஜமா பழைய பேரான்னு சத்தியம் பண்ண மாட்டேன். கடுகுக் கதையைப் பின்னால யாரோ கட்டிவிட்டதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க” என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நேர்மையான மனுஷன்.

எங்கள் ஊரிலும் உண்டு என்றேன். என் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் மொத்தச் சரக்கு மூட்டைகளில் லத்தீன் பெயர் இருக்கும், அதைப் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். “மியூக்குனா ப்ரூரியன்ஸ்” என்றேன். அவர் கண் விரிந்தது. “அக்கிராந்தஸ் ஆஸ்பெரா” என்றேன். கைதட்டினார். இரண்டு பேரும் லத்தீனில் பேசிக்கொண்டோம். அந்த ஊரில் எனக்கு அமைந்த நீண்ட உரையாடல் அதுதான். உங்கள் மொழியில் பெயர் என்ன, அர்த்தம் என்ன என்று கேட்டு நோட்டைத் திறந்தார். பூனைக்காலி என்றேன், காய் பூனைக் காலைப் போல மொசுமொசுவென்று இருக்கும். எலிச்செவி, இலை எலிக் காது மாதிரி. பேய்மிரட்டி, பச்சை இலையைத் திரித்து எண்ணெயில் நனைத்தால் விளக்குத் திரியாக எரியும். ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். பூனையின் கால், எலியின் காது, பேய் மிரட்டுகிறது...

அப்படியே நின்றுவிட்டேன். மிருகம் தெரிகிறது, பேய் தெரிகிறது என்று செந்தில் சொன்னானே. காலை பதினொரு மணி. மேஜையைத் தட்டுகிறார். அட கடவுளே என்று கத்திவிட்டேன். அந்த மனிதர் பயந்து போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு லத்தீன் போதவில்லை. கும்பிட்டுவிட்டு ஓடினேன். அடுத்த பஸ்ஸை எதிர்த் திசையில் பிடித்து, அதில் பாதி தூரம் போய்த் திரும்ப இறங்கி, ஒரு வழியாக வீடு வந்தேன்.

சுபாஷினி வந்ததும் வராததுமாக இல்லத்தின் அறிக்கையை எடுக்கச் சொன்னேன். “சட்டையைக் கூட மாத்தேல்லை மாமி” என்றாள். ஆனாலும் சமையலறை மேஜையில் போனை வைத்து வாசித்தாள். “திங்கட்கிழமை, பூனையின்ட கால் எண்டு நாப்பது நிமிஷம் கத்தினவர். புதன், எலியின்ட காது. வெள்ளி, பேய் மிரட்டுது எண்டு. அடுத்த கிழமை திரும்பவும் எலியின்ட காது.” ஒரு நாளைக்கு ஒன்றுதானா, இரண்டாவது இல்லையா என்று கேட்டேன். “இல்லை மாமி, ஒவ்வொரு நாளும் ஒண்டுதான். அதையேதான் திருப்பித் திருப்பி.”

அது மிருகமும் இல்லை, பேயும் இல்லை, எங்கள் கடைச் சரக்கு. இரண்டாவதை எப்படி வாசிப்பார்? முதலாவதுக்கே யாரும் பதில் சொல்லவில்லையே. எத்தனை மாதமாக என் அண்ணன் ஒரே ஒரு சரக்கைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்! கடையை நடத்துகிறார். எடுத்துப் போட ஆள் இல்லை. சுபாஷினி முன்னால் அழக் கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கட்டளையை மீறினேன். பத்தே முக்காலுக்கு இல்லத்தின் மணியை அடித்தேன். கதவைத் திறந்தது ஜெசிந்தா. மன்னாரைச் சேர்ந்தவள், அங்கே துணி துவைக்கிற பகுதியில் வேலை. தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அண்ணன் பேசுவதை அவளைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார்களாம். விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ அக்கா, நான்தானே சொன்னனான்! எலிச்செவி எலிச்செவி எண்டு அவர் கத்தினவர், நான் எலியின்ட காது எண்டு சொல்லிப்போட்டன். சுக்கு எண்டு கத்தின நாள் கோப்பி கேக்கிறார் எண்டு குடுத்தனாங்கள்.” உன் மேல் தப்பில்லை அம்மா, சுக்குக்குக் காப்பியாவது கிடைத்ததே என்றேன்.

பதினொரு மணி. அண்ணன் மேஜையில் இருந்த அன்றைய சாப்பாட்டு அட்டையைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மூக்கில் தள்ளினார். முதுகு நிமிர்ந்தது. அது என் கடை அண்ணன். “எலிச்செவி, ரெண்டு பலம்!” குரல் கணீரென்று வந்தது. நான் வாசலில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தேன், அறைப்பெட்டிக்கு எங்கே போவது? “எலிச்செவி, ரெண்டு பலம்!” மேஜையில் ஒரு தட்டு விழுந்தது.

சுவரோரம் அவர் துணி வைக்கிற அலமாரி. இழுப்பறையைப் பிடித்துச் சத்தம் வருகிற மாதிரி இழுத்தேன். கையில் அகப்பட்ட சாக்ஸ் ஒன்றை எடுத்துக் கட்டில் மேல் போட்டேன். “போட்டாச்சு!”

அவர் தலை கூட நிமிரவில்லை. விரல் அட்டையில் ஒரு வரி கீழே இறங்கியது. “பேய்மிரட்டி, ஒரு பலம்.”

“போட்டாச்சு.”

“ஆனைநெருஞ்சி, அரைப் பலம்.”

“போட்டாச்சு.”

நாயுருவி, பூனைக்காலி, முயல்செவி என்று வரிசையாக வந்தது. நான் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து பனியன், கைக்குட்டை, கம்பளித் தொப்பி என்று எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். கட்டிலில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. அப்போது சொன்னார், “சேராங்கொட்டை, ரெண்டு பலம்.”

எனக்குக் கை நின்றது. அதே தப்பு, அதே அளவு. முப்பது வருஷத்துப் பழக்கம், ‘இல்லைண்ணே’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையில் இருந்தது ஒரு ஜோடி சாம்பல் நிறச் சாக்ஸ். இதைத் தின்று யார் சாகப் போகிறார்கள்? “போட்டாச்சுண்ணே” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். மதுரையிலேயே கடைக்குப் பின்கட்டில் ஒரு காலி அறைப்பெட்டியை வைத்து இதைச் செய்திருக்கலாமே, பாவி, உனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மேனேஜர் அம்மாளும் ஒரு நர்ஸும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். கத்தல் கேட்காததால் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வந்திருக்கிறார்கள். ஜெசிந்தா அவர்களைக் கையமர்த்தினாள். பதினாலாவது சரக்கோடு சீட்டு முடிந்தது. அண்ணன் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “புளி ஆகாது. நாற்பத்தெட்டு நாள் பத்தியம்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். பிறகு மாத்திரை எதுவும் இல்லாமல் டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் பத்து நிமிஷம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் பேச வேண்டிய தேவையே வரவில்லை. மேனேஜரே பேசினார். அன்று காலையும் பார்த்திருந்தார்கள். கடற்கரை ஊர் இப்போதைக்கு வேண்டாம், தினமும் பதினொரு மணிக்கு யாராவது ஒருவர் அறைக்குப் போய் நிற்கட்டும், மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசுகிறோம், ஆறு வாரம் பார்ப்போம் என்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு என்ன என்று செந்தில் கேட்டான். “அதை அப்போது பார்க்கலாம்” என்றார். அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். ஜெசிந்தா இல்லாத நாளில் மற்றவர்கள் சொல்ல, ‘போட்டாச்சு’ என்று ஆங்கில எழுத்தில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள். ஒரு போலந்துக்காரப் பெண் அதை நாலைந்து தரம் சொல்லிப் பழகினாள். பரவாயில்லை, அண்ணன் இதைவிட மோசமான வேலையாட்களை வைத்துச் சமாளித்தவர்.

காரில் ஏறியதும் செந்தில் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். “எனக்கு ஏன் அத்தை தோணலை? நான் அந்தக் கடைக்கு மேல பொறந்தவன்.”

“உன்னைக் கடைக்குள்ள விட்டாத்தானே. ஆறாம் கிளாஸ்ல ஹாஸ்டல்ல போட்டோம். அழாம வண்டியை எடு” என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு விமானம். காலையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கடைசி முறையாக இல்லத்துக்குப் போனேன். பதினொரு மணிக்கு வாசித்தார். நான் எடுத்துப் போட்டேன். அன்று நீளமான சீட்டு, இருபத்திரண்டு சரக்கு. ஒன்றுக்குக் கூட அவரைக் காக்க வைக்கவில்லை. முடிந்ததும் கட்டில் மேல் கிடந்ததை மடித்து இழுப்பறைகளில் வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்துவிட்டதோ?

“நீ புதுசாம்மா?” என்றார்.

“ஆமாங்க” என்றேன். வேறு என்ன சொல்ல?

“எந்த ஊரு?”

“மதுரைதாங்க.”

“வெரசா எடுக்கிற. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, சரசுன்னு. முப்பது வருஷமா எடுத்துப் போடுறா. கூப்பிட்டா வேணும்னே நின்னு நின்னு பதில் சொல்லுவா.” கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, என் பக்கமாகக் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ வந்தா, நீ அவளை விட வெரசுன்னு நான் சொன்னதைச் சொல்லிடாத. மனசு விட்டுப் போயிருவா. அவளுக்கு இந்தக் கடையை விட்டா யாரு இருக்கா?”

“சொல்ல மாட்டேங்க” என்றேன்.